பிடித்த பாட்டு எது என்று கேட்கக்கூடாத ஊர்

"…போட்டீங்கன்னா பொட்டியில இருந்து எழுந்து உக்காந்துருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் புஷ்பா அண்ணி.

பொட்டி என்று அவர் சொன்னது சவப்பெட்டியை. அப்போது அவர் உட்கார்ந்திருந்ததோ உம்பாய் கடற்கரையில், ஒரு மீன்கடை மேசையில். கையில் சுட்ட திருக்கைத் துண்டு, உதட்டோரம் மிளகாய்ச் சம்பல். எதிரே அவர் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, சுப்ரா. மேசை நடுவில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி. அதற்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்ததும் சுப்ரா அண்ணன்தான். எதிரே உட்கார்ந்து மென்றுகொண்டும், பெட்டிக்குள் உட்கார்ந்து பாடிக்கொண்டும் ஒரே ஆள் இருந்தால் பெண்டாட்டிக்கு வேறு என்ன பேச்சு வரும்?

ஆனால் பேச்சு அங்கே வந்து சேரச் சில நாள் ஆனது. முதலிலிருந்தே சொல்கிறேன்.

போடியில் மெஸ் நடத்துகிறவள் நான். என் தாத்தாவின் தம்பி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவ மலாக்காவுக்குப் போனவர், போனவர் போனவர்தான். அவர் பேரன் சுப்ரா அண்ணன். சிம்பாங் அம்பாட்டில் வீடு. அண்ணிக்கு நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "நீ வந்து அடுப்படிய பாத்துக்கிட்டா நான் நிம்மதியா மயக்க ஊசி போட்டுக்குவேன் பாண்டி" என்று போனில் சொன்னார். ஒரு பெண் தன் அடுப்படியை நம்பி ஒப்படைப்பது, ஆண்கள் சொத்து எழுதிவைப்பதைவிடப் பெரிய காரியம். மெஸ்ஸைத் தம்பி பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அழைத்துப் போக விமான நிலையத்துக்கு அண்ணன் காரோடு வந்திருந்தார். காரை இங்கே "காடி" என்கிறார்கள், பேச்சின் வாலில் ஒரு "லா" சேர்க்கிறார்கள். "காடியில ஏறு பாண்டியம்மா" என்றார். ஏறினேன். அதோடு என் நிம்மதி இறங்கிக்கொண்டது.

காடியில் பாட்டு இருந்தது. சும்மா இல்லை, வருஷ வாரியாக, ஜாதி வாரியாக. "இது அறுபது. இது எழுபது. இது எண்பது, ராஜா காலம் லா அது. தொண்ணூறுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல, ஆனாலும் வச்சிருக்கேன்." கல்யாணப் பாட்டு தனி, சாமி பாட்டு தனி, தத்துவம் தனி, தண்ணியடித்தவன் பாடுவது தனி. மளிகைக்கடையில் பருப்பு வகை பிரித்து வைத்ததுபோல் வைத்திருந்தார். அதோடு விட்டால் பரவாயில்லை. "இந்த எடத்துல வயலின் வரும் பாரு… வருது… வந்துருச்சு!" என்று அந்த வயலின் வரும்போது வயலினைவிடச் சத்தமாகக் கத்தினார். அடுத்தவருக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான். விருந்துக்குக் கூப்பிட்டு, இலையில் வைத்ததையெல்லாம் தானே தின்று காட்டுகிறவன் மாதிரி.

எங்கள் ஊர் பஸ் நினைவுக்கு வந்தது. போடியிலிருந்து தேனி வரைக்கும் டிரைவருக்குப் பிடித்த பாட்டுதான் அறுபது பேருக்கும் பிடித்த பாட்டு. பிடிக்காவிட்டால் இறங்கி நட. ஆனால் அந்த டிரைவர், "எப்படி, நல்லாருக்கா?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டதில்லை. அந்த அளவுக்கு அவர் மனிதாபிமானி.

வழியில் அண்ணன் குரலைத் தாழ்த்தி, "இது ஒங்க அண்ணி பாட்டு" என்று ஒன்றைப் போட்டார். பழைய மெட்டு. பிரிந்து போகிறவளைப் பார்த்து ஒருவன், நீ போனால் நான் என்ன ஆவேன், என் நெஞ்சு என்ன ஆகும், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று உருகுகிறான். பாட்டு முழுக்க நான், நான், நான். குரல் எங்கேயோ கேட்டதாக இருந்தது.

"யாருண்ணே பாடுறது?"

"நான்தான் லா! ஸ்டூடியோவுல போய்ப் பாடி எடுத்தேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். "கல்யாணத்தன்னைக்கு மேடையில இதப் பாடினேன். அவ அழுதா. அன்னையில இருந்து அவ பாட்டு இதுதான்."

மறுநாள் காலை பசியாற ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் பணக்கார மச்சான். மெலிந்து, மினுக்கிக்கொண்டு, தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்போடு வருகிறது. இரண்டு தின்றுவிட்டு அண்ணியோடு பாசாருக்குப் போனேன். சந்தை என்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது. காய்கறிக்கடை அக்கா ஒருவர் மூக்குத்தியும் சிரிப்புமாக இருந்தார். கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே பேச்சுக்கு ஒரு பேச்சாக, "அக்கா, ஒங்களுக்குப் புடிச்ச பாட்டு எது?" என்றேன். முதல் நாள் கேட்ட பாட்டுக் கச்சேரியின் எச்சம் வாயில் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த அக்காவின் சிரிப்பு நின்றது. தராசும் நின்றது. "ஏன் லா? நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்றார். பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்து, "ஏண்ணே, எனக்கு மொகம் ஏதும் வீங்கியிருக்கா?" என்று வேறு கேட்டார்.

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, விழுந்து விழுந்து சிரித்தார். நெஞ்சடைப்புக்காரி இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்குத்தான் பயம். பிறகு விளக்கினார்.

இவர்கள் வட்டாரத்தில் ஒருவர் போய்விட்டால், வீட்டிலிருந்து எடுக்கும்போது வேனில் ஸ்பீக்கர் கட்டி அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டுத்தான் எடுப்பார்களாம். அதனால் இங்கே "உனக்குப் பிடித்த பாட்டு எது" என்று கேட்பது, பெட்டிக்கு அளவு எடுப்பது மாதிரி. படுக்கையில் கிடக்கிறவரிடம்தான் கேட்பார்கள், அதுவும் வாசலைப் பார்த்துக்கொண்டு. நல்லாயிருக்கிறவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அது எமனுக்குக் கேட்டுவிடும். கேட்டே தீருவேன் என்று நின்றால் பொய் சொல்வார்கள்.

"வேன் யாருது அண்ணி?"

"வேற யாரு? ஒங்க நொண்ணன்தான்."

செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்ந்தபின் அண்ணன் எடுத்த தொழில் இதுதான். கல்யாணத்துக்கும் அதே வேன், கோயில் திருவிழாவுக்கும் அதே வேன், கடைசி ஊர்வலத்துக்கும் அதே வேன். மாலை மட்டும் மாறும்.

பொய் சொல்வதையும் அன்று மத்தியானமே பார்த்தேன். பக்கத்து வீட்டு செபஸ்தியான் மாமா, பள்ளிக்கூடத்தில் கிராணியாக, நம் ஊர்க் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் மாதா கோயில். அண்ணன் வேண்டுமென்றே, "மாமா, ஒங்க பாட்டு என்ன?" என்று வேலிக்கு மேலே கேட்டார். "ஞானப்பாட்டு! வேற எந்தப் பாட்டும் என் காதுல ஏறாது" என்று அடித்துச் சொன்னார் மாமா. அண்ணன் உள்ளே போனதும், குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, எண்பதுகளின் டிஸ்கோ ஒன்றை இடுப்போடு சேர்த்து முனகினார். கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

அதற்கடுத்த நாள் ஒரு தோட்டக் குடியிருப்பில் சாவு. "வந்து பாரு, எப்படி மரியாதையா அனுப்பி வைக்கிறோம்னு" என்று அண்ணன் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். வெளியூரிலிருந்து வந்தவளைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப் போகிற ஒரே வழிகாட்டி உலகத்திலேயே இவராகத்தான் இருப்பார். செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் சாலை. வேன் ஒரு பள்ளத்தில் இறங்கிக்கொண்டு ஏற மாட்டேன் என்றது. துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் பாதிப் பேர் ஓடி வந்து தள்ள, நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளினேன். என் வெள்ளைச் சேலை போடி மண்ணைவிடச் சிவப்பானது. நம் ஊர் என்றால் இந்நேரம் நாலு பேர் நின்று யோசனை மட்டும் சொல்லியிருப்பார்கள். இங்கே பேசாமல் தள்ளுகிறார்கள். இது ஒன்றில் அவர்கள் உசத்தி.

இறந்தது ஒரு பாட்டியம்மா. எடுக்கும் நேரத்தில் அண்ணன் கண்ணை மூடி, பெரிய வைத்தியர் மாதிரி ஒரு பொத்தானை அழுத்தினார். அம்மா பாட்டு. தாயே, கருவறையே, தெய்வமே என்று போயிற்று. பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். என் பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி மட்டும் அழவில்லை. "அவளுக்கு வில்லன் பாட்டுதான்மா புடிக்கும்" என்றாள் என் காதில். "வில்லன் கிளப்புல உக்காந்து குடிச்சிக்கிட்டே ஒரு பாட்டு கேப்பான் பாரு, அது. பால்மரம் சீவும்போது அதைத்தான் விசில் அடிப்பா. அம்மா பாட்டாம், அம்மா பாட்டு. தூ."

திரும்பி வரும்போது அண்ணனிடம் கேட்டேன்: "அந்தம்மாவுக்கு அதுதான் புடிச்ச பாட்டுன்னு யாருண்ணே சொன்னது?"

"பொம்பளைன்னா அம்மா பாட்டுதான் பாண்டியம்மா. இதக் கேக்கணுமா? ஆம்பளைக்குத்தான் பிரிச்சுப் பாக்கணும். குடிக்கிறவனுக்குத் தத்துவம், சின்னப் பையனுக்கு ராப்பு, கட்சிக்காரனுக்கு வீரம். நமக்கு ஆளைப் பாத்தாலே தெரிஞ்சிரும்."

இந்த வட்டாரத்தில் இதுவரை எத்தனை பெண்கள் இந்த ஒரே பாட்டில் ஏறிப் போனார்களோ. ஆண் செத்தால் அவனுக்கு ஒரு குணம் இருந்திருக்கிறது; பெண் செத்தால் அவளுக்குப் பிள்ளை இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்கள். இந்தப் பல்லி எப்போது விழும் என்று அப்போதே பார்க்க ஆரம்பித்தேன்.

மறுநாள் அண்ணி என்னைத் தஞ்சோங் கிளிங் கூட்டிப் போனார். மகன் குமரன் அங்கே ஒரு ஹோட்டலில் வேலை. அவன் காடிதான். அவன் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன், ஏறியதும் பாட்டு. இவன் போட்டது உள்ளூர்ப் பையன்களின் ராப். தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே மிக்ஸியில் போட்டு மூடாமல் அடித்த சத்தம். "இந்த லைன் கேளுங்க அத்தை, இந்த லைன்!" என்று அவனும் கத்தினான். "அப்பாவுக்கு டேஸ்ட்டே இல்ல லா. அவர் பாட்டுல ஹீரோ ஒரு மரத்தைச் சுத்தி வர்றதுக்குள்ள என் பாட்டு முடிஞ்சிரும்."

அப்பன் வயலின் என்றால் மகன் லைன். இரண்டு பேருக்கும் நடுவில் பின் சீட்டில் அண்ணி, ஜன்னல் பக்கம் திரும்பி, வருஷக்கணக்கான பழக்கத்தில் காதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவர்போல.

கடற்கரைச் சாலையில் காடி நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் பொங்கல் பானை மாதிரி புகை. குமரன் மெக்கானிக்கைத் தேடிப் போனான். நானும் அண்ணியும் எதிரே ஒரு இளநீர்க் கடை நிழலில் உட்கார்ந்தோம். இளநீரையும் ஐஸ்கிரீமையும் சேர்த்து அடித்துக் கொடுத்தார்கள். இளநீரை இப்படி அவமானப்படுத்தக் கூடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

கடையில் மலாய் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு வந்தது. ஜோகெட் என்பார்கள், கல்யாணங்களில் ஆடுகிற துள்ளல் மெட்டு. மேசைக்கு அடியில் டொக் டொக் என்று ஏதோ சத்தம். குனிந்து பார்த்தேன். அண்ணியின் செருப்பு. அப்புறம் உதடு. அப்புறம் குரலே வந்துவிட்டது. ஒரு சொல் தடுமாறாமல், முழுப் பாட்டையும் மலாயில் பாடினார். கடைக்காரப் பெண் கரண்டியால் தாளம் போட்டாள். "அக்கா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று அவள் மலாயில் கேட்க, "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்" என்று அண்ணியும் மலாயில் சொன்னார். எனக்கு மொழிபெயர்த்தும் சொன்னார்.

"தையல் ஃபேக்டரியில வேல பாத்தேன்ல. காலையில ஃபேக்டரி பஸ் வரும். டிரைவர் மாமா, மலாய்ல பாக்சிக்னு கூப்புடுவோம், அவரு தெனமும் இதத்தான் போடுவாரு. நாங்க பொம்பளைங்க எல்லாம் சேந்து பாடுவோம், மலாய்க்காரி, சீனத்தி, நானு. பஸ்ஸே ஆடும்."

"என்ன அர்த்தம் அண்ணி?"

"ஒருத்தி மீன் வாங்கப் போறா. மீன்காரன் வெலைய ஏத்திக்கிட்டே போறான், நடுநடுவுல அவ அழகுன்னு வேற சொல்றான். அவ பேரம் பேசிப் பேசிப் பாத்துட்டு, ஒன் மீனும் வேணாம், ஒன் புகழ்ச்சியும் வேணாம், நான் போறேன்னு எழுந்து போயிருறா. அவ்வளவுதான்." ரேடியோ பக்கம் திரும்பினார். "எடுக்கும்போது இதப் போட்டா நல்லாருக்கும் பாண்டி. பேரம் படியல, நான் போறேன்னு."

"அண்ணனோட பாட்டு? நீங்க அழுதீங்கன்னாரே?"

"அழுதேன் லா. ஹோமப் புகை."

எனக்கு இளநீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்தபின், "அப்பச் சொல்லிர வேண்டியதுதான? அடுத்த வாரம் ஆஸ்பத்திரி…" என்று இழுத்தேன்.

"யாரு கேட்டா?" என்றார்.

ஊரில் இருக்கிற எல்லாருக்கும் பிடித்த பாட்டைத் தெரிந்து வைத்திருப்பதாக மீசை தடவுகிற மனிதர், நாற்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"நான் சொல்லட்டுமா?" என்றேன்.

"நீ ஊருக்குப் போயிருவ. அப்புறம் ஏதாச்சும் ஆச்சுன்னா, நீ ஏரோப்ளேன் ஏறி வர்றதுக்குள்ள அவரு குரல்லயே என்னை அனுப்பி வச்சிருப்பாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த உறிஞ்சுகுழல் நசுங்கிப்போயிருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நல்ல சாப்பாடு என்று அண்ணன் உம்பாய்க்குக் கூட்டிப் போனார். பொழுது சாயும் நேரம். நாங்கள் நாலு பேர், செபஸ்தியான் மாமாவோடு ஐந்து. கடை முகப்பில் ஐஸ் மேடை. அதன்மேல் கொடுவாவும் திருக்கையும் இறாலும் பரப்பியிருந்தார்கள். கை காட்டினால் எடுத்துச் சுட்டுத் தருவார்கள். புளிப்பும் காரமுமாக அசாம் பெடாஸ் என்று ஒரு குழம்பும் வந்தது. ஊர் முழுக்க அதைத் தலையில் வைத்து ஆடுகிறது. தின்று பார்த்தால் நம் மீன்குழம்பு, தேங்காய் அரைக்கச் சோம்பல்பட்டவள் வைத்தது. இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டால்தானே. ஸ்பீக்கர் பெட்டியை மேசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு யாரும் சாவு கீவுன்னு நெனைக்கப்படாது. ஜாலியா ஆளுக்கொரு பாட்டு. அவங்கவங்களுக்குப் புடிச்சது!"

ஆரம்பித்தது கூத்து. மாமா ஞானப்பாட்டு போட்டார். அது முடிவதற்குள் குமரன் போனில் தன் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் ராப் ஓடும்போது, "கடன்காரன் வாசல்ல நின்னு கத்துற மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். அண்ணனின் எழுபது ஓடும்போது, "அப்பா, இவன் மூச்சு விடறதுக்குள்ள மீன் கருகிரும்" என்றான் மகன். ஒருவர் பாட்டை ஒருவர் கேட்கவில்லை. அவரவர் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி.

"ஒனக்கு என்ன பாட்டு பாண்டியம்மா?"

"எனக்கு அப்பளம் பொரியிற சத்தம். அதவிட நல்ல சங்கீதம் நான் கேட்டதில்ல" என்றேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, "அண்ணி, ஒங்களுக்குப் புடிச்ச பாட்டு எது?" என்று கேட்டேன்.

யாரோ ஒருவர் கேட்கத்தானே வேண்டும்.

அண்ணி வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணன், "அவ பாட்டு எனக்குத் தெரியாதா!" என்று பொத்தானை அழுத்திவிட்டார். பெட்டிக்குள்ளிருந்து அவர் குரல் கிளம்பியது. நீ போனால் நான் என்ன ஆவேன். அடுத்த மேசைச் சீனக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அண்ணனுக்குக் கண் கலங்கியேவிட்டது. "நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னாலும், வேன்ல இதத்தான் போடுவேன். என் குரல்லயே. ஊரே அழணும்."

கல்யாண வீடு என்றால் மாப்பிள்ளை நானாக இருக்கணும், சாவு வீடு என்றால் பிணம் நானாக இருக்கணும் என்று ஆசைப்பட்டவன் கதை கேட்டிருக்கிறேன். அவனைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் அண்ணி, திருக்கைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார். "அது ஒங்க பாட்டு. என் பாட்டு இல்ல. ஒங்களுக்கு வேணும்னா ஒங்களுக்குப் போட்டுக்கங்க. எனக்கு மட்டும் அதப் போட்டீங்கன்னா பொட்டியில இருந்து எழுந்து உக்காந்துருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

அண்ணன் சிரித்தார். "வெக்கம் லா, இவளுக்கு" என்று மாமாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, சத்தத்தை இன்னும் கூட்டி, பெட்டியோடு சேர்ந்து இரண்டாம் சரணத்தை எடுத்தார்.

அண்ணி மீனை வைத்தார். கையைக் கழுவினார். ஸ்பீக்கர் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கினார். பாடிக்கொண்டிருந்த அதைக் கடை முகப்புக்குக் கொண்டுபோய், ஐஸ் மேடையில் கொடுவாவுக்கும் திருக்கைக்கும் நடுவில் இடம் ஒதுக்கிப் படுக்க வைத்தார். குழியில் பிடிமண் போடுகிறவர்போல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஒரு பிடி ஐஸ் அள்ளிப் போட்டார். பெட்டிக்குள் அண்ணன் குரல் கம்மியது. அண்ணி வாயில் அந்த பஸ் பாட்டு வந்துவிட்டிருந்தது, உரக்கவே பாடினார். அடுப்படியில் மீன் சுட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் நிமிர்ந்து பார்த்து, அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். மேசையில் இருந்த அண்ணன் பாதிச் சரணத்தில் வாயைத் திறந்தபடி நின்றார். இரண்டாவது பிடி.

"மா, இது என்ன பாட்டு மா?" என்று குமரன் எழுந்துவிட்டான். அவன் போனை நீட்டிப் பிடித்திருந்தான்.

"நல்லாக் கேட்டுக்க" என்றார் அண்ணி, திரும்பாமல். "அடுத்த தடவ நீங்கதான் போடணும்."

மூன்றாவது பிடியைப் போட்டு, கையைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார்.